ஒரு தட்டு கூடுதலாக: யூதர்களை ஒளித்து வைத்த வீடுகளும் திரும்பி வராதவர்களின் பெயர்களும்

நெதர்லாந்து பற்றி இரண்டு எண்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைக் காப்பாற்றியவர்கள் என்று இஸ்ரேலின் யாட் வஷேம் நினைவகம் கௌரவித்திருப்பவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் நெதர்லாந்துக்காரர்கள். போலந்துக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிகம். இது முதல் எண். நாஜி ஜெர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது அங்கே சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு. பிரான்சில் அது நான்கில் ஒரு பங்கு. மேற்கு ஐரோப்பாவில் நெதர்லாந்து அளவுக்கு வேறெந்த நாட்டிலும் யூதர்கள் அழிக்கப்படவில்லை. இது இரண்டாவது எண்.

முதல் எண்ணை மட்டும் கேள்விப்பட்டவர்கள், "டச்சு மக்கள் யூதர்களை வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்தார்களாமே" என்கிறார்கள். இரண்டாவதை மட்டும் படித்தவர்கள், "பக்கத்து வீட்டுக்காரன் கைகட்டி வேடிக்கை பார்த்தான்" என்கிறார்கள். இணையத்தில் இந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொள்வதை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு எண்களும் உண்மை என்பதுதான் சிக்கல். ஒரே நாட்டில், பல சமயம் ஒரே தெருவில், இரண்டும் எப்படி நடந்தன என்பது புரிய வேண்டுமானால், ஒரு மனிதரை வீட்டில் ஒளித்து வைப்பது நடைமுறையில் என்ன வேலை என்று முதலில் தெரிய வேண்டும்.

விருந்தாளியை மறைக்க முடியுமா?

ஊரிலிருந்து சித்தப்பா வந்து பத்து நாள் தங்குகிறார் என்று வையுங்கள். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்றாம் நாளே தெருவுக்குத் தெரிந்துவிடும். பால் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குகிறீர்கள். கொடியில் புதிய வேட்டி காய்கிறது. நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகும் வீட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. காய்கறிக்கார அம்மா, "என்ன, வீட்டுக்கு ஆள் வந்திருக்கா?" என்று கேட்டுவிடுவார். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொல்லியே விடும்.

இப்போது அதே சித்தப்பா இரண்டு வருடம் இருக்க வேண்டும். அவர் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. அவருக்கு அடையாள அட்டை இல்லை, ரேஷன் இல்லை, காய்ச்சல் வந்தால் மருத்துவமனை இல்லை. செத்தால் புதைக்கவும் வழியில்லை. தெரிந்துபோனால் அவரோடு நீங்களும் சிறைக்குப் போவீர்கள்.

ஒளித்து வைத்தல் என்பது இதுதான். நாம் மனதில் வைத்திருக்கும் படம் வேறு: இரவில் கதவு தட்டப்படுகிறது, ஒரு நல்ல மனிதர் திறக்கிறார், உள்ளே இழுத்துக்கொள்கிறார். அந்த ஒரு நிமிடம் வீரம்தான். மறுநாள் காலை என்ன சாப்பிடுவது என்பதில்தான் வேலையே தொடங்குகிறது.

ஆன் ஃபிராங்க் எல்லோருக்கும் தெரியும், ஆனால்...

நம் வாசகர்களுக்கு இந்த விஷயத்தில் தெரிந்த ஒரே பெயர் பெரும்பாலும் நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க். 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, ஆம்ஸ்டர்டாமில் அவளுடைய அப்பாவின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் எட்டுப் பேர் மறைந்திருந்தார்கள். மீப் கீஸ், பெப் ஃபோஸ்கௌல், விக்டர் குக்ளர், யோஹானஸ் கிளைமன் என்ற நான்கு அலுவலக ஊழியர்களும் மீப்பின் கணவர் யானும் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. பக்கத்துத் தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்த ஹென்ட்ரிக் ஃபான் ஹூஃபெ. மீப் வாங்கும் அளவைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. உருளைக்கிழங்கை மதிய இடைவேளையில் கொண்டுவந்து வைப்பார். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். நம் தெருக் காய்கறிக்கார அம்மாவின் நேர் எதிர்! அவர் தன் வீட்டிலும் இரண்டு யூதர்களை வைத்திருந்தார் என்பது 1944 மே மாதம் அவர் கைதானபோதுதான் ஃபிராங்க் குடும்பத்துக்குத் தெரிந்தது.

ஆனால் ஆன் ஃபிராங்கின் மறைவிடத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டால் தப்புக் கணக்குப் போடுவோம். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள் என ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாக, ஒரே இடத்தில், முன்கூட்டியே சாமான் சேர்த்து வைத்து, இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது அபூர்வம். பெரும்பாலான குடும்பங்கள் பிரிந்துதான் ஒளிந்தன. அம்மா ஓர் ஊரில், அப்பா ஓர் ஊரில், பிள்ளை யாரென்றே தெரியாத ஒரு பண்ணை வீட்டில். பிள்ளை எங்கே என்று பெற்றோருக்குச் சொல்லாமல் இருப்பதே விதி. பிடிபட்டால் அடித்துக் கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது. ஓர் இடத்தில் சந்தேகம் வந்தால் அன்று இரவே வேறிடம். பத்து வீடுகளுக்கு மேல் மாறிய பிள்ளைகள் உண்டு.

எல்லோரும் சுவருக்குப் பின்னால் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். பார்த்தால் யூதர் என்று தெரியாத குழந்தைகள் வெளியிலேயே நடமாடினார்கள், பள்ளிக்கும் போனார்கள். "ராட்டர்டாம் குண்டுவீச்சில் பெற்றோரை இழந்த எங்கள் சொந்தக்காரப் பிள்ளை" என்று சொல்லிவிடுவார்கள். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியிருந்ததால், அந்தப் பொய்யை யாரும் எளிதில் சந்தேகிக்கவில்லை.

டச்சு மொழியில் இதற்கென்று ஒரு சொல் உண்டு: ஒண்டர்டௌக்கன். நீருக்கடியில் முங்குதல் என்று பொருள். முங்கியவர் ஒண்டர்டௌக்கர். எனக்குப் பிடித்த சொல் இது. முங்குகிறவருக்கு மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி, இல்லையா? இனி இந்தக் கட்டுரையிலும் 'முங்கியவர்கள்' என்றே சொல்கிறேன்.

இதுவரை: ஒளித்து வைத்தல் ஒரு நாள் சாகசமல்ல, வருடக்கணக்கான வீட்டு வேலை. ஒரே வீட்டில் முடிகிற வேலையுமல்ல. குடும்பங்கள் பிரிந்து, வீடு மாறி மாறித்தான் தப்பின.

ரேஷன் அட்டையில் பெயர் இல்லாத வாய்

போர்க்கால நெதர்லாந்தில் ரொட்டி, பால், கொழுப்பு, மாமிசம், துணி, எரிபொருள் என எல்லாவற்றுக்கும் ரேஷன். நம் ரேஷன் அட்டை போலவே ஒவ்வொருவருக்கும் ஓர் அடிப்படை அட்டை இருக்கும். அதைக் காட்டி அவ்வப்போது கூப்பன் வாங்க வேண்டும். கூப்பனைக் கொடுத்தால்தான் கடையில் பொருள். முங்கியவர் தன் சொந்த அட்டையோடு அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே பிடிபடுவார். போகாவிட்டால் அவரை வைத்திருக்கும் வீட்டில் நான்கு பேருக்கு வந்த ரொட்டியை ஐந்து பேர் பகிர வேண்டும். ஒரு வாரம் பகிரலாம். இரண்டு வருடம்?

எனவே கூப்பன் திருட வேண்டியிருந்தது. ரேஷன் அலுவலகக் குமாஸ்தாக்கள் சிலர் ரகசியமாக ஒதுக்கிக் கொடுத்தார்கள். அது போதாதபோது, எதிர்ப்பியக்கத்தின் ஆயுதக் குழுக்கள் ரேஷன் அலுவலகங்களையே கொள்ளையடித்தன. அந்தக் கூப்பன்கள் சைக்கிளில், பெரும்பாலும் இளம் பெண்களின் கைப்பையில், வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

ஜெர்மானியர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. பழைய அட்டையைச் செல்லாததாக்கி, நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டினால்தான் புதிய ரேஷன் அட்டை, அதற்குச் சாட்சியாக அடையாள அட்டையில் ஒரு சிறிய வில்லை ஒட்டப்படும் என்று உத்தரவு போட்டார்கள். நோக்கம் வெளிப்படை: முங்கியவர்களைப் பசியால் மேலே வரவைப்பது. வில்லைகளைத் திருடியும் அச்சடித்தும் எதிர்ப்பியக்கம் பதில் சொன்னது.

இந்த வேலையை நாடு முழுவதும் ஒருங்கிணைத்தவர்கள், 1942 இறுதியில் ஐந்து பிள்ளைகளின் தாயான ஹெலெனா கௌபர்ஸ்-ரீட்பெர்க்கும், ஃபிரிட்ஸ் ஸ்லோம்ப் என்ற பாதிரியாரும் சேர்ந்து தொடங்கிய ஓர் அமைப்பினர். அதன் பெயர் 'முங்கியவர்களுக்கு உதவும் தேசிய அமைப்பு'. ஹெலெனாவை எல்லோரும் 'ரீக் அத்தை' என்றுதான் அழைத்தார்கள். 1944இல் பிடிபட்டு ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தார்.

பணமும் வேண்டும். வங்கியாளர் வால்ராவன் ஃபான் ஹால் இதற்காக ஒரு ரகசிய நிதியமே நடத்தினார். பணக்காரர்களிடம் கடன் வாங்கினார். நாட்டின் மத்திய வங்கியில் இருந்த அரசுக் கடன் பத்திரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போலிகளை வைத்து, அசலைப் பணமாக்கினார். இவ்வளவு பெரிய வங்கி மோசடியைச் செய்தவருக்கு இன்று அதே வங்கியின் இப்போதைய கட்டடத்துக்கு எதிரே நினைவுச் சின்னம் இருக்கிறது: வெண்கலத்தில் சாய்ந்து கிடக்கும் ஒரு மரம். அவரை 1945 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். விடுதலைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அதிகம் நல்ல நிர்வாகம்

அடுத்த தடை அடையாள அட்டை. 1941இல் நெதர்லாந்தின் பெரியவர்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்ட இந்த அட்டையை வடிவமைத்தவர் யாகோப் லென்ட்ஸ் என்ற டச்சு அரசு அதிகாரி. ஜெர்மானியர் அல்ல. மக்கள்தொகைப் பதிவில் அவருக்கு ஒரு வெறி. குறையே இல்லாத அட்டை ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது போருக்கு முன்பிருந்தே அவர் கனவு. புகைப்படம், கைரேகை, நீர்க்குறியுள்ள தாள், சிறப்பு மை. ஜெர்மனியின் சொந்த அட்டையைவிடப் போலி செய்யக் கடினமானது. யூதர்களின் அட்டையில் 'ஜே' என்ற எழுத்தைப் பெரிதாகக் குத்தினார்கள். அதற்கு முன்பே, 1941 ஜனவரி உத்தரவின்படி, யூதர்கள் அனைவரும் தங்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஏறக்குறைய எல்லோரும் பதிந்தார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிகிற பழக்கம் அப்படி.

அட்டையைப் போலியாகச் செய்துவிட்டாலும் பிரச்சினை தீராது. நகராட்சிப் பதிவேட்டில் அசல் தகவல் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் 1943 மார்ச் 27 அன்று, சிற்பி கெரிட் ஃபான் டெர் ஃபேன், எழுத்தாளரும் ஓவியருமான வில்லெம் ஆரொன்டேயுஸ் ஆகியோர் தலைமையில் போலீஸ் உடையில் போன ஒரு குழு, ஆம்ஸ்டர்டாமின் மக்கள்தொகைப் பதிவகத்தைத் தீவைத்துக் கொளுத்தியது. தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்கள். வந்த பிறகு, எரியாத அட்டைகளும் நாசமாகட்டும் என்று தேவைக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆனாலும் ஒரு சிறு பகுதிதான் அழிந்தது. ஆரொன்டேயுஸ் உட்படப் பலர் அந்த ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இதுவரை: முங்கியவர் உயிர் பிழைக்க ஒரு வீடு மட்டும் போதாது. கூப்பன் திருடுகிறவர், அட்டை தயாரிக்கிறவர், பணம் புரட்டுகிறவர், சைக்கிளில் கொண்டுபோகிறவர், கேள்வி கேட்காத கடைக்காரர் என்று ஒரு சங்கிலி வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அத்தனையும் போயிற்று.

பிறகு ஏன் நான்கில் மூன்று பங்கு?

இந்தச் சங்கிலி உருவாக நேரம் பிடித்தது. அந்த நேரம் யூதர்களுக்குக் கிடைக்கவில்லை. என் பார்வையில் மொத்தப் புதிருக்கும் பாதி விடை இதில் இருக்கிறது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெஸ்டர்போர்க் என்ற இடைமுகாமிலிருந்து முதல் ரயில் கிழக்கே புறப்பட்டது 1942 ஜூலை 15. ('இடைமுகாம்' என்றால் ஆட்களைச் சேர்த்து வைத்துக் கொலைமுகாம்களுக்கு ஏற்றி அனுப்பும் இடம்.) அதன் பின் வாராவாரம், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், ரயில்கள் போயின. 1943 மார்ச் முதல் ஜூலை வரை சோபிபோர் கொலைமுகாமுக்கு மட்டும் 19 ரயில்கள், 34,313 பேர், திரும்பியவர்கள் 18. ஆம்ஸ்டர்டாமில் கடைசிப் பெரிய சுற்றிவளைப்பு 1943 செப்டம்பர் 29. அதோடு அந்த நாட்டு யூதர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

இப்போது அடுத்த பக்கம். ரீக் அத்தையின் அமைப்பு 1942 இறுதியில் முளைத்து, நாடு முழுக்க வேர் பிடித்தது 1943இன் நடுவில். அதுவும் ஏன் அப்போது? அந்த வசந்த காலத்தில்தான் யூதரல்லாத டச்சு இளைஞர்களை ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துப் போகும் உத்தரவுகள் இறுகின. தங்கள் சொந்தப் பிள்ளைகளை ஒளிக்க வேண்டி வந்தபோது வீடுகள் திறந்தன, கூப்பன் வலை பரவியது. போரின் கடைசியில் முங்கியிருந்த லட்சக்கணக்கானவர்களில் யூதர்கள் சிறுபான்மை. இதைச் சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது.

மற்ற காரணங்களும் உண்டு. நாடு தட்டையானது, நெரிசலானது. ஓடி ஒளிய மலையில்லை, பக்கத்தில் நடுநிலை நாடுமில்லை. ஆட்சி ராணுவத்தின் கையில் இல்லாமல் ஆர்தர் ஸைஸ்-இன்க்வார்ட் என்ற நாஜியின் கீழ் இருந்தது. டச்சுப் போலீஸ் கைது செய்தது, டச்சு ரயில்வே கட்டணம் வாங்கிக்கொண்டு ரயில் ஓட்டியது. யூதர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆம்ஸ்டர்டாமில், அதிலும் பெரும்பகுதி ஏழைத் தொழிலாளர்கள். முங்குவதற்கு யூதரல்லாத நண்பர் வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும், குடும்பத்தைப் பிரிக்க மனம் வேண்டும். தெருவண்டியில் பழம் விற்றவருக்கு முதல் இரண்டும் இல்லை. மூன்றாவதைச் செய்ய எந்தத் தாய்க்கும் எளிதில் துணிவு வராது. "கிழக்கே வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள்" என்ற பொய்யை நம்பவே அவர்கள் விரும்பினார்கள்.

மொத்தத்தில் 25,000க்குச் சற்றுக் கூடுதலான யூதர்கள் முங்கினார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. அவர்களில் சுமார் 16,000 பேர் பிழைத்தார்கள். மற்றவர்கள் பிடிபட்டார்கள். 1943இல் ஹென்னைக்கெ என்பவன் தலைமையில் ஒரு டச்சுக் கூட்டம், முங்கிய யூதர்களை மோப்பம் பிடித்து ஒப்படைப்பதையே பிழைப்பாக வைத்திருந்தது. ஆரம்பத்தில் தலைக்கு ஏழரை கில்டர் (டச்சு நாணயம்). சில மாதங்களில் அவர்கள் ஒப்படைத்தது எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை.

எதிர்ப்பக்கத்தில், ட்ரெந்தெ மாகாணத்தில் நியூலாண்டெ என்ற சின்ன ஊர். ஆர்னோல்ட் டௌவெஸ், யோஹானஸ் போஸ்ட் ஆகியோரின் முயற்சியால் அங்கே வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் ஒளிந்திருந்தார். ஊரே உடந்தை என்றால் காட்டிக்கொடுக்க ஆள் ஏது? எனக்கு இதில் வியப்பாக இருப்பது தைரியத்தைவிட அந்த ஊர் இருந்த இடம். அந்த ஊரும் வெஸ்டர்போர்க் முகாமும் ஒரே மாகாணத்தில்தான் இருந்தன.

யார் 'அறவோர்'?

இனி நினைவுகூரலுக்கு வருவோம். இங்கேதான் சொற்கள் அதிகம் குழம்புகின்றன.

யாட் வஷேம் என்பது இஸ்ரேல் நாடாளுமன்றம் 1953இல் இயற்றிய சட்டத்தின்படி ஜெருசலேமில் அமைந்த நினைவகம். 'நினைவுச் சின்னமும் பெயரும்' என்று பொருள். பைபிளின் ஏசாயா ஆகமத்திலிருந்து எடுத்தது. அது வழங்கும் பட்டத்தைத் தமிழில் 'உலக மக்களுள் அறவோர்' எனலாம். 1963 முதல் இதற்கென ஓர் ஆணையம் உண்டு. தலைவராக இருப்பவர் உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 28,000க்கு மேற்பட்டவர்கள் இதுவரை ஏற்கப்பட்டிருக்கிறார்கள்.

இது பொதுவான நல்லெண்ண விருது அல்ல. வழக்கு விசாரணை மாதிரி. காப்பாற்றப்பட்டவரின் சாட்சியமோ ஆவணமோ வேண்டும். உதவியவர் தன் உயிரையோ சுதந்திரத்தையோ பணயம் வைத்திருக்க வேண்டும். பணத்தை நிபந்தனையாக வைத்து உதவியிருக்கக் கூடாது. சாப்பாட்டுச் செலவுக்குக் காசு வாங்கினால் பட்டம் போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. கூலித் தொழிலாளி வீட்டில் கூடுதல் தட்டுக்குச் சோறு எங்கிருந்து வரும்? செலவுக்கு வாங்கியது வேறு, லாபத்துக்காக ஒளித்தது வேறு.

ஆபத்தின் அளவு நாட்டுக்கு நாடு மாறியது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஜெர்மன் ஆட்சியிலிருந்த போலந்தில் யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1941இலேயே உத்தரவு. நெதர்லாந்தில் அப்படியொரு தானியங்கித் தண்டனை இல்லை. சிலரை எச்சரித்து விட்டார்கள். பலரை முகாமுக்கு அனுப்பினார்கள், சிலர் திரும்பவில்லை. ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்த 84 வயது காஸ்பர் டென் போம் 1944 பிப்ரவரியில் மகள்களோடு கைதாகி, பத்து நாளில் சிறையில் இறந்தார். அவர் வீட்டுப் போலிச் சுவருக்குப் பின்னால் நின்றிருந்த ஆறு பேரைப் போலீஸ் கண்டுபிடிக்கவே இல்லை.

பட்டம் யூதரல்லாதவர்களுக்கு மட்டும். இதன் விளைவை ஒரே தெருவில் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமில் ஹாலந்து நாடக அரங்கில் யூதர்களை அடைத்து வைத்தார்கள். குழந்தைகளை மட்டும் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். அரங்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட வால்டர் சூஸ்கிண்ட் பதிவேட்டில் குழந்தைகளின் பெயரை மறையச் செய்வார். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டல் குழந்தைகளைத் தயார் செய்வார். பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவர் யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட் வேலிக்கு அப்பால் வாங்கிக்கொள்வார். டிராம் வந்து நின்று எதிரே இருக்கும் காவலாளியின் பார்வையை மறைக்கும் சில நொடிகளில் குழந்தையோடு வெளியேறிவிடுவார்கள். இப்படித் தப்பியவை ஏறக்குறைய 600 குழந்தைகள். ஃபான் ஹுல்ஸ்ட் அறவோர் பட்டியலில் இருக்கிறார். 107 வயது வரை வாழ்ந்து 2018இல் மறைந்தார். சூஸ்கிண்டும் பிமென்டலும் யூதர்கள், பட்டியலில் இல்லை. பிமென்டல் 1943இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்ட் 1945இல் மடிந்தார். விதியின் தர்க்கம் புரிகிறது: ஒதுங்கி நின்றிருந்தால் ஆபத்தே வந்திருக்காத ஒருவர் ஒதுங்காமல் இருந்ததற்கான நன்றி அது. ஆனாலும் பட்டியலை மட்டும் படிப்பவர், யூதர்கள் காப்பாற்றப்படக் காத்திருந்த கூட்டம் என்றே நினைத்துக்கொள்வார். அது தவறு.

இதுவரை: 'அறவோர்' பட்டியல் நிரூபிக்கப்பட்டவர்களின் பட்டியல். அதில் இல்லாதவர் உதவவில்லை என்று அர்த்தமில்லை. சாட்சி சொல்ல வேண்டியவர் பிடிபட்டு இறந்திருந்தால், ஒளித்து வைத்தவரின் கதையும் பெரும்பாலும் அவரோடு போயிருக்கும்.

அம்மா என்று யாரை அழைப்பது?

போர் முடிந்ததும் எல்லாம் சுகமாக முடிந்ததாக எழுதுவார்கள். இரண்டு வயதில் முங்கிய குழந்தைக்கு ஐந்து வயதில் வாசலில் நிற்கும் எலும்பும் தோலுமான பெண் தன் தாய் என்று எப்படித் தெரியும்? அது வளர்த்தவளின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வளர்த்தவளுக்கும் அழுகை. தாய் வந்ததே பெரிது. சுமார் 2,000 குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவருமே வரவில்லை. அவர்களை யூத உறவினரிடம் தருவதா, ஒளித்து வளர்த்த கிறிஸ்தவக் குடும்பத்திடமே விடுவதா என்று அரசு ஆணையம் வைத்து வருடக்கணக்கில் வழக்காடினார்கள். உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்களும் உறவை எல்லாம் இழந்தவர்களும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தார்கள். சில வீடுகளில் பிள்ளைகளை வேலையாட்கள் போல நடத்தியதும், அதைவிட மோசமானதும் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலான வீடுகள் அப்படி இல்லை என்பதும் உண்மை.

கல்லில் இருக்கும் பெயர்கள்

ஆண்டுதோறும் மே 4 இரவு 8 மணிக்கு நெதர்லாந்து முழுவதும் இரண்டு நிமிடம் நிற்கிறது. ரயிலும் நிற்கும். அது போரில் இறந்த எல்லோருக்குமான நினைவு. யூதர்களுக்கென்று பெயர் பெயராக நினைவுகூரல் வர வெகுகாலம் ஆயிற்று. வெஸ்டர்போர்க் முகாமின் அணிவகுப்புத் திடலில் 1,02,000 சிறு கற்கள் நிற்கின்றன, ஆளுக்கொன்று. ஆம்ஸ்டர்டாமில் டேனியல் லிபஸ்கின்ட் வடிவமைத்த பெயர்களின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 2021 செப்டம்பரில்தான். ஒவ்வொரு செங்கல்லிலும் பெயர், பிறந்த நாள், இறந்தபோது வயது. ஒரே குடும்பப் பெயர் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும் இடங்களில் வயதை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும்: 71, 44, 39, 12, 6, 0. பெயர் எழுதாத ஆயிரம் செங்கற்களும் அங்கே உண்டு, யாரென்றே பதிவாகாதவர்களுக்காக. அதே திறப்புக்கு முந்தைய ஆண்டு, 2020 ஜனவரியில், அப்போதைய பிரதமர் மார்க் ருட்டெ போர்க்கால அரசின் செயலுக்காக முதன்முறையாக மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு வகை நினைவு நடைபாதையிலேயே இருக்கிறது. குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மானியக் கலைஞர் தொடங்கிய 'தடுக்குக் கற்கள்': பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பித்தளைத் தகடு. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கைதான நாள், கொல்லப்பட்ட இடம். ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் பதித்துவிட்டார்கள். இதில் ஒரு விதி உண்டு: இறந்தவர் தன் விருப்பத்தோடு வாழ்ந்த கடைசி வீட்டின் முன்னால்தான் கல் வைக்க வேண்டும். அதாவது முங்குவதற்காகப் பூட்டிவிட்டுப் போன சொந்த வீட்டு வாசலில்.

ஒளிந்திருந்த வீட்டு வாசலில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. சாதாரணச் செங்கல் வீடு, சாதாரணத் திரைச்சீலை, வாசலில் ஒரு சைக்கிள். கல்லைத் தேடிப் போகிறவர்கள் அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோவார்கள். 1943இல் அந்த வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.